போணிக்கு வரும் கை

செவ்வந்திப்பட்டி ஜவுளித் தெருவில், ரேணுகாவின் செல்போனுக்குள்ளிருந்து முதல் கை வெளியே வந்தது சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு. நேரம் இவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம், அப்போது லைவ் ஓடிக்கொண்டிருந்தது, இருநூற்றுப் பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவர்கூட அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேணுகா மாம்பழக் கலர் சேலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாருங்க சிஸ்டர்ஸ், தொட்டா அப்படியே வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று நாலாவது தடவையாகச் சொல்லி வாயை மூடவில்லை, ஸ்டாண்டில் நின்ற போனின் கண்ணாடியிலிருந்து முழங்கை வரை ஒரு கை நீண்டு வந்து, வளையல் குலுங்க, சேலையின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கமென்ட் வந்தது: "வெண்ணெய் இல்ல சிஸ், பாலியெஸ்டர் கலந்திருக்கு." மாடியில் உட்கார்ந்து தன் போனில் அதே லைவைப் பார்த்துக்கொண்டிருந்த பரிமளா, "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பரிமளா, ரேணுகாவின் புருஷன் தனசேகரனுக்கு அக்கா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கணவர் மாரடைப்பில் போனபிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். கீழே கடை, கடைக்குப் பின்னால் சமையலறை, மேலே இரண்டு அறை, மேலேயிருந்து இறங்கும் படி நேராகக் கடை நடுவில் கொண்டுவந்து விடும். வந்த முதல் வாரமே தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, போணி ஆனதுக்கப்புறம் கீழ வாங்களேன்" என்றான். நாளின் முதல் வியாபாரம் நல்ல கையால் நடக்கவேண்டும், அதற்கு முன்னால் வெறும் நெற்றியும் வெறும் கையும் எதிரில் வரக்கூடாது என்பது அந்தத் தெருவில் கடை வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தனசேகரன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அன்றிலிருந்து பரிமளா தினமும் குளித்துத் தலை வாரி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ரேணுகாவின் குரலுக்காகக் காத்திருப்பாள். காபி மாடிக்கே வந்துவிடும், அதில் ரேணுகா ஒருநாளும் குறை வைத்ததில்லை. "அண்ணி, போணி ஆயிடுச்சு, வாங்க!" என்று கீழிருந்து அவள் கூப்பிடும்போது அந்தக் குரலில் நிஜமான சந்தோஷம்தான் இருக்கும். வியாபாரம் மந்தமான நாட்களில் அந்தக் குரல் வரப் பன்னிரண்டு மணி ஆகும்.

மந்தமான நாட்கள் நிறைய வந்தன. தனசேகரன் செய்யாத விளம்பரம் இல்லை. பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தான், ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகப் பேசவிட்டான், சினிமாவில் நடிக்கப் போவதாகப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த சேலத்துப் பெண் ஒருத்தியைப் பிடித்துவந்து சேலை கட்டி ஏரிக்கரையில் ஓடவிட்டுப் படமெடுத்து உள்ளூர் கேபிளில் போட்டான், அவளையே டவுன் பஸ்ஸின் முதுகில் பெரிதாக ஒட்டினான், அது மூக்குப் பக்கம் மட்டும் கிழிந்து மூன்று வருஷம் ஊர் சுற்றியது. விளம்பரத்தில் வருகிற பெண் சிரிப்பாள். கடைக்கு வருகிற பெண் சிரிக்கமாட்டாள், கசக்கிப் பார்ப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், கூட வந்தவளிடம் உதட்டைப் பிதுக்குவாள், எழுந்து போய்விடுவாள். பிறகு அவர்களும் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு, வீட்டில் சாய்ந்துகொண்டு போனில் சேலை வாங்க ஆரம்பித்தார்கள். அதனால்தான் ரேணுகா வட்ட விளக்கும் ஸ்டாண்டும் வாங்கி, போனை நிறுத்தி, அதற்கு முன்னால் தானே நின்று, முகம் தெரியாத எல்லோரையும் சிஸ்டர்ஸ் ஆக்கிக்கொண்டாள். ஆனால் வாங்கியவர்களில் பாதிப் பேர், "வீடியோல ஒரு மாதிரி இருந்துச்சு, கையில ஒரு மாதிரி இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள்.

இந்த நிலைமையில்தான் கைகள் வர ஆரம்பித்தன. முதல் வாரம் ஒன்றிரண்டு, அடுத்த வாரம் ஐம்பது, வைகாசி பிறப்பதற்குள் தூத்துக்குடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கைகள் வந்தன, வாட்ச் கட்டிய கை, மாவு ஒட்டிய கை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்து அப்படியே நீட்டிய ஈரக்கை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கசக்கிப் பார்த்தன. ஈரக்கை வந்தால் ரேணுகா முதலில் ஒரு துண்டைக் கொடுப்பாள். தெருவும் தன் பங்குக்குப் பழகிக்கொண்டது. எதிர்க்கடைகளும் லைவ் போட்டன, அங்கும் கைகள் வந்தன. இனிப்புக்கடைக்காரர் ஆசைப்பட்டு ஒருநாள் லைவ் போட்டார், ஒரு மணி நேரத்தில் தட்டு காலியாகிவிட்டதால் மறுநாள் போடவில்லை. ஒரு கை யாருடைய கம்மலையோ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது என்று புகார் வந்தபோது, கைக்கு எந்த ஸ்டேஷனில் வழக்குப் போடுவது என்று இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் யோசித்தார், அதற்குள் அந்தக் கையே வெட்கப்பட்டுத் திரும்பி வந்து கம்மலை வைத்துவிட்டுப் போனது. நெட் கட்டாகிவிட்டால் வந்த கை வந்தபடியே மாட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் கடைக்காரப் பெண்கள் அந்தக் கையைத் தனியாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள், யாராவது மருதாணி வைத்துவிடுவார்கள், சிக்னல் வரும்போது அந்தக் கை சிவந்து வீட்டுக்குப் போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், தெருவில் பொய் சொல்வது நின்றுபோனது. பட்டு இல்லாததைப் பட்டு என்றால் ஆயிரம் பேர் பார்க்கக் கை வந்து சேலையைத் தள்ளிவிட்டுப் போகும். ரேணுகா, "இது பாலியெஸ்டர்தான் சிஸ்டர்ஸ், ஆனா துவைக்கத் துவைக்கச் சாயம் போகாது" என்று உள்ளதைச் சொல்லிப் பார்த்தாள், அது நன்றாக விற்றது. தனசேகரன்தான் அதிகம் ஆச்சரியப்பட்டான்.

பரிமளாவின் கை கண்ணாடிக்குள் போனது வைகாசியில். அன்று ரேணுகா அவசரத்தில் ஒரு வாடாமல்லிச் சேலையைக் கரையின் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். பின்புற நூலெல்லாம் வழிய, அந்த அழகான கரை பார்க்கச் சகிக்கவில்லை. "ஐயோ, திருப்பிப் போட்டிருக்காளே" என்று மாடியில் பரிமளா பதறி, பக்கத்தில் நிற்பவளின் முந்தானையைச் சரிசெய்வதுபோலக் கையை நீட்டினாள். போன் கண்ணாடி தண்ணீர்போல விலகி வழிவிட்டது. விரலில் சேலை தட்டுப்பட்டது, ரேணுகாவின் தோள் தட்டுப்பட்டது, பரிமளா கரையைத் திருப்பிப் போட்டு மடிப்பை நீவிவிட்டாள். லைவ் எப்போதும் ஏழெட்டு வினாடி பின்தங்கித்தான் வரும். ஆகவே தொட்டு முடித்த பிறகுதான் தன் கை தொடுவதைப் பரிமளா பார்த்தாள்.

அன்று இரண்டு கட்டுச் சேலை ஒரே மூச்சில் போனது. மறுநாள் லைவ் தொடங்கியதும் அந்தக் கையே முதலில் வந்து ஒரு சேலையைத் தொட்டது, அன்றும் மதியத்துக்குள் அலமாரி காலி. மூன்றாம் நாளும் அப்படியே. "கைராசிக் கை!" என்றான் தனசேகரன். அதற்குப் பிறகு அந்தக் கை வராமல் அவன் போணி செய்யவில்லை. காலையில் குளித்து விபூதி பூசி, கற்பூரத் தட்டோடு போனுக்கு முன்னால் நிற்பான். கை வந்ததும் தட்டை வைத்துவிட்டு, முதல் நோட்டை ஒற்றிக்கொள்வதுபோல அதை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். மாடியில் பரிமளாவின் விரல்களில் தம்பியின் இமைகள் படும். சிறுவயதில் அவனுக்குக் கண்வலி வந்தபோது அவள் ஒத்தடம் கொடுத்த கண்கள். அவள் முதலில் அதை உணர்வாள், ஏழு வினாடி கழித்துப் படத்தில் பார்ப்பாள். அந்த ஒன்பது வருஷத்தில் அவள் கையை யாரும் பிடித்ததே கிடையாது. அதனால்தான் அவள் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் போய்விடும் என்று பயந்தாள்.

அந்தக் கை யாருடையது என்பதில் ஊருக்கு ஒரு கருத்து இருந்தது. வளையல் போடாததால் நர்ஸ் என்றார்கள் சிலர், டாக்டரம்மா என்றார்கள் சிலர், கன்னியாஸ்திரியாக இருக்கும் என்றார் இனிப்புக்கடைக்காரர். அமெரிக்காவில் இருக்கும் பெரிய வேலைக்காரப் பெண், அங்கெல்லாம் வளையல் போடமாட்டார்கள் என்று தனசேகரன் தீர்மானமாகச் சொன்னான். அதே கைதான் தினமும் மதியம் அவனுக்கும் ரேணுகாவுக்கும் சோறு போட்டது, குழம்பு ஊற்றியது, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ" என்று அவன் வேண்டாம் என்று மறிப்பதையும் மீறி ரசம் விட்டது. ரசம் நன்றாக இருந்தது என்று சாப்பிட்டார்கள். கையை ஒருவரும் பார்க்கவில்லை. தனசேகரன், "அக்கா, இன்னைக்கும் அந்தக் கை வந்துச்சு" என்று அவளிடமே சொல்வான். "நல்லதுடா" என்பாள் அவள்.

ஆடி வந்தது. தள்ளுபடி லைவுக்கு நாலாயிரம் பேர் சேர்ந்தார்கள். ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கு வளையல் சாத்துவது அந்த ஊர் வழக்கம், சாத்திய வளையலைப் பெண்களுக்குக் கொடுப்பதும் வழக்கம். அன்று லைவுக்கு வரும் கைகளுக்கெல்லாம் வளையல் போட்டுவிடவேண்டும் என்று ரேணுகாவுக்கு ஆசை. வளையல்கார நூர்ஜகான் கூடையோடு வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐம்பது வருஷமாக அந்த ஊர்ப் பெண்களின் கையைப் பிடித்தவள் அவள், பரிமளாவின் கல்யாணத்துக்கும் அவள்தான் வளையல் அடுக்கினாள்.

வழக்கம்போலக் கைராசிக் கை முதலில் வந்தது. தனசேகரன் ஒற்றிக்கொண்டான். ரேணுகா அதைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "பாவம் சிஸ்டர்ஸ், எத்தனை ராசியான கை, இப்படி வெறுமனே இருக்கு. நூர்ஜகான்மா, முதல்ல இந்தக் கைக்குப் போடுங்க" என்றாள். பரிமளா கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுக்கத்தான் நினைத்தாள். அதற்குள் சோப்புத் தண்ணீர் தோய்ந்த அந்தப் பழைய விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்து, பெருவிரல் கணுவை ஒரு அழுத்து அழுத்தி, அப்படியே நின்றன. நூர்ஜகானுக்குத் தெரிந்துவிட்டது என்பது பரிமளாவுக்கும் தெரிந்துவிட்டது.

"என்னம்மா, அளவு தெரியலையா?" என்றாள் ரேணுகா.

"தெரியாம என்ன கண்ணு. இந்தக் கைக்கு ரெண்டு நாலு."

பரிமளாவின் அளவு இரண்டு ஆறு. ஒரு சுற்றுச் சின்ன வளையல்களாக எடுத்து, பச்சையும் சிவப்புமாகப் பன்னிரண்டை, வலிக்க வலிக்க, ஒன்றுகூட உடையாமல் நூர்ஜகான் ஏற்றிவிட்டாள். அந்த அளவில் ஏறிய கண்ணாடி வளையல் திரும்பி இறங்காது. உடைத்துத்தான் எடுக்கவேண்டும்.

"போணி ஆயிடுச்சு, வாங்க அண்ணி!" என்று ரேணுகா கீழிருந்து கூப்பிட்டபோது பரிமளா தலைவலி என்றாள். ரேணுகா தட்டில் சோற்றோடு மேலே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஜுரம் இல்லையே அண்ணி, ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்றபோது, பரிமளா வலது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு அப்புறம் சாப்பிடுவதாகச் சொன்னாள். ரேணுகா போனபிறகு வளையலைக் கழற்றச் சோப்புப் போட்டுப் பார்த்தாள், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாள், தோல் சிவந்ததுதான் மிச்சம். சாயங்காலம் ஜன்னல் கட்டையின் மேல் கையை வைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், காரியத்தன்று, நாலைந்து பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு, வளையல்களை வாசற்படியில் வைத்து உடைத்தார்கள், அன்று அவளுக்கு உடம்பே தன்னுடையதாக இல்லை, யார் எதை உடைத்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை. இன்று பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. அவளே ஓங்கவேண்டும், அவளே அடிக்கவேண்டும். ஓங்கினாள். வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்து சத்தமிட்டன. அவளுக்குக் கோபம் வந்தது, அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருநாளும் வராத கோபம், யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம், தன் மேலும் கொஞ்சம். கையை இறக்கினாள், மெதுவாக, ஒரு வளையலுக்கும் வலிக்காதபடி.

மறுநாள் ஆடி வெள்ளி. தனசேகரன் கற்பூரத் தட்டோடு போனுக்கு முன்னால் நின்றான். வளையல் கிடைக்காத கைகள் இன்றும் வரும் என்று நூர்ஜகானும் கூடையோடு வந்திருந்தாள். முதலில் அந்தக் கை வரட்டும் என்று மற்றக் கைகள் உள்ளேயே காத்திருப்பது லைவின் மரியாதையாகிவிட்டிருந்தது, ஆகவே கண்ணாடி வெறுமனே இருந்தது. பத்து மணி. பத்து ஐந்து. பத்து பத்து. "கை ஏன் வரல?" என்று ஐந்நூறு பேர் கேட்டார்கள். தனசேகரனின் நெற்றியில் வியர்வை விபூதியைக் கரைத்தது. "ஏதாவது தப்புப் பண்ணிட்டமா ரேணு?" என்று மெல்லக் கேட்டான்.

மாடியில் பரிமளா அந்தக் கேள்வியைத் தரை வழியாக ஒரு தடவை, போன் வழியாக ஒரு தடவை கேட்டாள். போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படி இறங்கினாள்.

முதலில் பார்த்தவர்கள் கடையில் இருந்தவர்கள் அல்ல. போன் படியைப் பார்த்து நின்றதால், நாலாயிரம் சிஸ்டர்ஸ் பார்த்துவிட்டார்கள், கமென்ட் மளமளவென்று விழுந்தது. எந்தக் கமென்ட் வந்தாலும் சத்தமாகப் படிப்பது ரேணுகாவின் பழக்கம். "பின்னாடி பாருங்க சிஸ்டர்னு போடுறாங்க... படியில பாருங்கன்னு... என்னது, அந்தக் கையா? வளையல்..." என்று படித்துக்கொண்டே வந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

தனசேகரன் திரும்பினான். அக்காவைப் பார்த்தான். வாய்க்குப் பழகிப்போன வார்த்தைதான் முதலில் வந்தது.

"அக்கா, இன்னும் போணி ஆகலியே..."

"தெரியும் சேகர். அதுக்குத்தான் வந்தேன்."

கையை நீட்டினாள். பச்சையும் சிவப்புமாகப் பன்னிரண்டு. அவன் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடியும் கையைப் பார்த்தான். இரண்டு மாதமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கைக்கு ஒரு முகம் இருந்ததையும், அது எங்கே உட்கார்ந்திருந்தது என்பதையும் அவன் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. தட்டு சாய்ந்துகொண்டே போனது. "கற்பூரம் கையில விழப்போவுது, கீழ வைடா" என்றாள் அக்கா. சொன்னபடி கீழே வைத்தான். வைத்தவன் நிமிரவில்லை, அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். ரேணுகா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, போனைத் திரும்பிப் பார்த்து, "எங்க அண்ணி, சிஸ்டர்ஸ்" என்றாள். "தினம் எங்களுக்குச் சோறு போட்ட கைங்க இது. நாங்க பாக்கவே இல்லீங்க." லைவிலேயே வாய்விட்டு அழுதாள். நூர்ஜகான் கூடையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

அப்போது கண்ணாடி அசைந்து, ஒரு கை வந்தது. இதுவரை யாரும் பார்த்திராத கை. நகம் ஒட்ட வெட்டியது, நரம்பு தெரிந்தது, வளையல் இல்லாதது. வரலாமா கூடாதா என்று தெரியாமல் மணிக்கட்டு வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது. எந்த ஊர் மாடியிலிருந்து நீட்டினாளோ. பரிமளா தம்பியைப் பார்த்தாள்.

தனசேகரன் எழுந்தான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். ஆடி வெள்ளிக்கென்று தனியே எடுத்து வைத்திருந்த அடுக்கின் மேலிருந்து ஒரு மயில்கழுத்துச் சேலையை எடுத்து, கரையைப் பிரித்து, அந்தக் கைக்கு எட்டும்படி நீட்டினான்.

"தொட்டுப் பாருங்கம்மா" என்றான். "இன்னைக்குப் போணி உங்க கையிலதான்."